சூழல் மாறும்போது உயிரினங்கள் எதைக் கொண்டு மாறுகின்றன?

கேட்கப்பட்ட கேள்வி இது: “டி.என்.ஏ.யில் நிகழும் சடுதி மாற்றங்கள் அரிதானவை, இலக்கற்றவை, பெரும்பாலும் பயனற்றவை அல்லது தீங்கானவை என்று பாடநூல்கள் சொல்கின்றன. அதே வேளையில், பத்து இருபது ஆண்டுகளுக்குள் ஒரு பறவையோ மீனோ புதிய சூழலுக்கு ஏற்ப மாறிவிட்டது என்று ஆய்வுச் செய்திகள் வருகின்றன. தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் மாற்றம் இவ்வளவு விரைவாக எங்கிருந்து வருகிறது? உயிரினம் தன் தேவையை உணர்ந்து தன்னை மாற்றிக்கொள்கிறதா?”

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். எந்த உயிரினமும் தேவையை உணர்ந்து தன் மரபணுக்களை மாற்றிக்கொள்வதில்லை. ஒரு பறவை முட்டையிலிருந்து வெளிவரும்போது எந்த மரபணுக்களைக் கொண்டிருந்ததோ அவற்றுடனேயே சாகிறது. மாறுவது இனக்கூட்டத்தின் உள்ளடக்கம்: எந்த வகை மரபணுவைத் தாங்கியவை அதிகம் பிழைத்தன, அதிகம் குஞ்சு பொரித்தன என்பதைப் பொறுத்து, அடுத்த தலைமுறையில் அந்த வகையின் பங்கு கூடுகிறது அல்லது குறைகிறது. இதுதான் இயற்கைத் தேர்வு. இதில் புதிய செய்தி எதுவும் இல்லை. கேள்வியின் முதற்பகுதிக்கான விடைதான் கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில், முழு மரபணுத் தொகுதிகளைப் படிக்கும் வசதி வந்த பிறகு தெளிவாகியிருக்கிறது. விரைவான தகவமைப்புகளில் பல, புதிய சடுதி மாற்றத்துக்காகக் காத்திருந்து நிகழ்ந்தவை அல்ல. தேவையான வேறுபாடு இனக்கூட்டத்துக்குள் ஏற்கெனவே, சில வேளைகளில் பல இலட்சம் ஆண்டுகளாக இருந்துவந்திருக்கிறது. அல்லது நெருங்கிய உறவினத்தோடு ஏற்பட்ட கலப்பின் மூலம் வந்துசேர்ந்திருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், அரிதான சடுதி மாற்றமும் விரைவான தகவமைப்பும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பது விளங்கும்.

மிக நெருக்கமாகப் பார்க்கப்பட்ட ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குவது நல்லது. கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்றொரு சிறு எரிமலைத் தீவு உள்ளது. பரப்பு ஒரு சதுர கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் ஆய்வாளர் தம்பதியர் 1973 முதல் நாற்பது ஆண்டுகள் அங்குள்ள ஃபின்ச் பறவைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ எல்லாப் பறவைகளின் காலிலும் வளையமிட்டு, அலகின் நீளம், அகலம், மேலிருந்து கீழான தடிப்பு ஆகியவற்றை அளந்து, எது எதற்குப் பிறந்தது என்ற குடும்பக் கணக்கையும் வைத்திருந்தார்கள். அத்தனை பறவைகளைத் தனித்தனியே அடையாளம் தெரிந்த ஓர் இனக்கூட்டத்தின் மீது இயற்கை ஒரு சோதனையை நடத்தியபோது, அதன் விளைவை எண்களாகவே பார்க்க முடிந்தது.

அந்தச் சோதனை 1977ஆம் ஆண்டின் வறட்சி. மழை பொய்த்ததால் செடிகள் விதைக்கவில்லை. தரையிலிருந்த சிறிய, மென்மையான விதைகளைப் பறவைகள் முதலில் தின்று தீர்த்தன. மிஞ்சியவற்றுள் முக்கியமானது நெருஞ்சிப் பேரினத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் காய். நம் ஊர் நெருஞ்சியைப் போலவே அதன் காயும் முட்களோடு கூடிய கடினமான துண்டுகளாகப் பிரிவது. அந்தத் துண்டைத் தரையில் அழுத்திப் பிடித்து, அலகால் கவ்வி, ஓட்டை உடைத்துத்தான் உள்ளேயுள்ள விதையை எடுக்க வேண்டும். நடுத்தர நில ஃபின்ச் எனப்படும் இனத்தில் அலகு தடித்த பறவைகளால் அதைச் செய்ய முடிந்தது. சற்றே மெல்லிய அலகு கொண்டவை முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டன. ஏறத்தாழ 1,200ஆக இருந்த அந்த இனத்தின் எண்ணிக்கை 180 அளவுக்குச் சரிந்தது. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிப்பு, வறட்சிக்கு முந்தைய சராசரியைவிட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அதிகம். அலகின் தடிப்பு பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்கு வலுவாகக் கடத்தப்படும் பண்பு என்பதால், அடுத்த தலைமுறையின் அலகும் சராசரியாக ஏறத்தாழ 4 விழுக்காடு தடித்திருந்தது.

இதை முதன்முதலாகப் படிப்பவர்கள் ‘அரை மில்லிமீட்டர்தானா’ என்று கேட்பதுண்டு. அந்த அரை மில்லிமீட்டர்தான் நெருஞ்சிக் காயை உடைப்பதற்கும் பட்டினியால் சாவதற்கும் இடையேயான தூரமாக இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வறட்சி எந்தப் பறவையின் அலகையும் தடிக்கச் செய்யவில்லை. தடித்த அலகு கொண்ட பறவைகள் 1976இலும் அங்கே இருந்தன. அப்போது அவற்றுக்குப் பெரிய ஆதாயம் எதுவும் இல்லை. 1983இல் எல் நினோ கொட்டிய பெருமழையில் சிறுவிதைச் செடிகள் தீவை மூடின; அதைத் தொடர்ந்த வறட்சியில் சிறிய அலகு கொண்டவை முந்தின. பெருமழைக்கு முந்தைய ஆண்டான 1982இல்தான் பெரிய நில ஃபின்ச் என்னும் பருத்த அலகுடைய மற்றோர் இனம் இத்தீவில் குடியேறியிருந்தது. 2003 முதல் 2005 வரை நீடித்த வறட்சியில் நெருஞ்சிக் காய்களை இந்தப் பெரிய பறவைகளே வளைத்துப் போட்டுக்கொண்டதால், நடுத்தர இனத்தில் இம்முறை பெரிய அலகு கொண்டவை செத்தன. சராசரி அலகு சிறுத்தது. ஒரே தீவில், ஒரே இனத்தில், 1977இல் ஒரு பக்கமும் 2005இல் மறுபக்கமும் தேர்வு இழுத்திருக்கிறது. இரண்டுமே வறட்சிகள், வேறுபட்டது கூட இருந்த போட்டியாளர். சூழல் என்றதும் வெப்பத்தையும் மழையையும் மட்டும் நினைப்பவர்கள் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இந்தப் பறவைகளின் இரத்த மாதிரிகளும் சேமிக்கப்பட்டிருந்தன. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெய்ஃப் ஆண்டர்சனின் குழு கிராண்ட் தம்பதியருடன் இணைந்து அவற்றின் மரபணுத் தொகுதிகளைப் படித்தபோது, அலகின் வடிவத்தோடு தொடர்புடைய ஏ.எல்.எக்ஸ்.1 என்னும் மரபணுவை 2015இலும், அலகின் அளவோடு தொடர்புடைய எச்.எம்.ஜி.ஏ.2 என்னும் பகுதியை 2016இலும் அடையாளம் கண்டார்கள். இரண்டாவதாகச் சொன்ன பகுதிக்குப் பெரிய அலகோடு தொடர்புடைய வடிவம் ஒன்றும் சிறிய அலகோடு தொடர்புடைய வடிவம் ஒன்றும் உள்ளன. 2004–05இல் எந்தப் பறவை பிழைத்தது, எது செத்தது என்பதில் இந்த ஒரே பகுதிக்குக் கணிசமான பங்கு இருந்தது. இவ்விரு வடிவங்களும் வறட்சியின்போது பிறந்தவை அல்ல. கலாபகோஸ் ஃபின்ச் இனங்கள் பலவற்றிலும் பரவிக் கிடக்கும் பழைய வடிவங்கள் அவை. இனங்களுக்கிடையே அவ்வப்போது நடக்கும் கலப்பின் வழியாக அவை ஓரினத்திலிருந்து மற்றோர் இனத்துக்குப் போய் வந்திருக்கின்றன. 2023இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஏறத்தாழ நாலாயிரம் பறவைகளின் மரபணுத் தொகுதிகள் படிக்கப்பட்டன. நடுத்தர நில ஃபின்சின் அலகு அளவில் காணப்படும் வேறுபாட்டில் 45 விழுக்காட்டை ஆறே மரபணுப் பகுதிகள் விளக்கிவிடுகின்றன என்று அது காட்டியது. பல நூறு மரபணுக்கள் ஒவ்வொன்றும் துளித்துளியாகப் பங்களித்துத்தான் ஒரு பண்பு மாறும் என்ற பொதுவான எதிர்பார்ப்புக்கு இது ஒரு முக்கியமான விதிவிலக்கு.

அதே தீவில் கலப்பின் ஆற்றலைக் காட்டும் மற்றொரு நிகழ்வும் பதிவாகியிருக்கிறது. 1981இல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள எஸ்பான்யோலா தீவிலிருந்து ஓர் ஆண் பறவை டாஃப்னிக்கு வந்து சேர்ந்தது. அது வேற்றினத்தைச் சேர்ந்தது; உருவத்திலும் பாட்டிலும் உள்ளூர்ப் பறவைகளிலிருந்து மாறுபட்டது. உள்ளூர்ப் பெண் பறவையோடு அது இணைந்து உண்டான வழித்தோன்றல்கள் சில தலைமுறைகளுக்குள் தங்களுக்குள் மட்டுமே இணைசேரத் தொடங்கின. நடுவே ஒரு வறட்சியில் ஓர் அண்ணனும் தங்கையும் மட்டுமே மிஞ்சிய நிலை வந்தும் அந்த வழி அழியவில்லை. அலகின் அளவில் உள்ளூர் இனங்களுக்கு இடைப்பட்டதாக அமைந்ததால், மற்றவை முழுமையாகப் பயன்படுத்தாத உணவு அதற்குக் கிடைத்தது. இதைப் புதிய இனம் என்று அழைக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இவ்வளவு சிறிய கூட்டத்தை அப்படி அழைக்கத் தயங்குவதே முறை என்பது என் கருத்து. ஆனால், இனப்பெருக்கத்தில் தனித்து நிற்கும் ஒரு வழி சில தலைமுறைகளில் உருவாகக்கூடும் என்பதை அது மறுக்கமுடியாதபடி காட்டுகிறது.

பறவைகளின் கதை ஒரு தீவோடு முடிகிறது. ஒரே தகவமைப்பு உலகின் பல இடங்களில் திரும்பத் திரும்ப நிகழும்போது, அதன் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதை இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு மூன்று முள் ஸ்டிக்கிள்பேக் என்னும் விரல் நீள மீனைப் போல் பொருத்தமான உயிர் வேறில்லை. வட அரைக்கோளத்தின் குளிர்ந்த கடற்கரைகளில் வாழும் இந்த மீனின் இரு விலாப்புறங்களிலும் தலை முதல் வால் வரை முப்பதுக்கும் மேற்பட்ட எலும்புத் தகடுகள் கவசம்போல் அடுக்கப்பட்டிருக்கும். கடைசிப் பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் உருகியபோது புதிதாகத் தோன்றிய ஏரிகளுக்குள் கடல்மீன்கள் சில புகுந்து, அங்கேயே தங்கிவிட்டன. அலாஸ்கா, கனடா, ஐரோப்பா, ஜப்பான் என எங்கு பார்த்தாலும் ஏரியில் தங்கிய மீன்கள் கவசத்தின் பெரும்பகுதியை இழந்து சில தகடுகளோடு மட்டுமே இருக்கின்றன. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஏரிகளில், ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்குள், ஒரே மாற்றம் தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிங்ஸ்லி குழு 2005இல் இதன் முதன்மைக் காரணத்தை ஈ.டி.ஏ. என்னும் மரபணுவில் கண்டது. வியப்பு அதற்கு அடுத்ததில்தான் இருந்தது. உலகெங்கும் தகடு குறைந்த ஏரிமீன்களில் பெரும்பாலானவை தாங்கியிருப்பது தனித்தனியே பிறந்த சடுதி மாற்றங்களை அல்ல. ஒரே பழைய அல்லீலை, அதாவது அம்மரபணுவின் ஒரே பழைய வடிவத்தை. அதன் வயது இருபது இலட்சம் ஆண்டுகள் இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. அதாவது அந்த ஏரிகளைவிட அது பல மடங்கு பழையது. முழுக் கவசத்தோடு நீந்தும் கடல்மீன்களுக்குள்ளும் அந்த அல்லீல் மிகக் குறைந்த அளவில் மறைந்திருக்கிறது. கவசம் உள்ள வடிவம் ஓங்கிநிற்கும் தன்மையுடையது என்பதால், ஒரு நகலை மட்டும் தாங்கிய கடல்மீனின் தோற்றத்தில் அது பெரிதாகத் தெரிவதில்லை. கடல்மீன் ஒரு கூட்டமாக ஏரிக்குள் புகும்போது இந்த அல்லீலும் சில மீன்களில் ஒளிந்து உடன் செல்கிறது. அங்கே கவசத்துக்குச் செலவிடும் வளத்தை வளர்ச்சிக்குத் திருப்புவது ஆதாயமாக இருக்கும்போது, சில பத்தாண்டுகளில் அது பெருகிவிடுகிறது. ஏரிமீன்கள் ஆறுகளின் வழியே மீண்டும் கடல்மீன்களோடு கலக்கும்போது அதே அல்லீல் கடலுக்குத் திரும்பிப்போய், அடுத்த ஏரிக்காகச் சிறு அளவில் தங்கியிருக்கிறது. வீட்டில் விதைநெல்லைக் குதிரில் போட்டு வைத்திருப்பதைப் போல, கடல் அந்த வேறுபாட்டைச் சேமித்து வைத்திருக்கிறது என்று சொல்லலாம். வித்தியாசம் என்னவென்றால், இங்கே யாரும் எதிர்காலத்தை எண்ணிச் சேமிக்கவில்லை.

இந்த விளக்கம் சரியா என்பதைக் கண்முன்னே சோதிக்கும் வாய்ப்பும் கிடைத்தது. அலாஸ்காவின் லோபர்க் ஏரியில், மீன்வளத் தேவைக்காக 1982இல் இருந்த மீன்கள் அனைத்தும் நஞ்சிட்டு அழிக்கப்பட்டன. அதன்பின் கடல் ஸ்டிக்கிள்பேக்குகள் தாமாகவே அந்த ஏரிக்குள் புகுந்தன. மைக்கேல் பெல் என்னும் ஆய்வாளர் 1990 முதல் ஆண்டுதோறும் மாதிரி எடுத்தார். 1990இல் 96 விழுக்காடு மீன்களுக்கு முழுக் கவசம் இருந்தது. 2001இல் அது 11 விழுக்காடாகக் குறைந்து, தகடு குறைந்தவை முக்கால் பங்காகிவிட்டன. ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. அலாஸ்காவின் செனி ஏரியில் 2009இலும் ஸ்கவுட் ஏரியில் 2011இலும் கடலிலிருந்து வரும் மீன்களைத் தாங்களே கொண்டுவந்து விட்டு, ஆண்டுதோறும் மரபணுக்களைப் படித்துவருகிறார்கள். பழைய ஏரிகளில் எந்த மரபணுப் பகுதிகள் மாறியிருந்தனவோ அதே பகுதிகள் இந்தப் புதிய ஏரிகளிலும் ஒரு சில ஆண்டுகளுக்குள் அதே திசையில் நகரத் தொடங்கியதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. பரிணாமத்தை முன்கூட்டியே கணிக்க முடியாது என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. மூலப்பொருள் என்ன என்பது தெரிந்திருந்து, சூழலும் தெரிந்திருந்தால், ஓரளவுக்குக் கணிக்க முடியும் என்பதே இந்த மீன்கள் சொல்லும் செய்தி.

எதிர்த்திசையிலும் இது நிகழ்ந்திருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரையொட்டிய வாஷிங்டன் ஏரியில் கழிவுநீர் கலப்பது 1960களில் நிறுத்தப்பட்டபின் நீர் தெளிந்தது. தெளிந்த நீரில், இவற்றை வேட்டையாடும் டிரவுட் மீன்களுக்கு ஸ்டிக்கிள்பேக்குகள் எளிதாகக் கண்ணில் பட்டன. முழுக் கவசம் உடையவற்றின் பங்கு அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் 6 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ பாதியாக உயர்ந்தது. இழந்த கவசம் திரும்ப வந்தது. அதற்கான அல்லீல் முற்றிலும் அழியாமல் இருந்ததால்தான் வந்தது.

அப்படியானால் புதிய சடுதி மாற்றங்களுக்கு வேலையே இல்லையா? நிச்சயமாக உண்டு, எந்தப் பழைய வடிவமும் ஒரு காலத்தில் புதியதாகப் பிறந்ததுதான். இதே மீனில், சில ஏரிகளில் இடுப்பு முட்கள் முழுவதுமாக மறைந்துவிட்டன. அதற்குக் காரணம் பிட்எக்ஸ்1 என்னும் மரபணுவை இடுப்புப் பகுதியில் இயக்கிவிடும் ஒரு டி.என்.ஏ. துண்டு அறுந்துபோனது. இந்த அறுப்பு ஏரிக்கு ஏரி வேறுபட்டிருக்கிறது. அதாவது தனித்தனியே புதிதாக நிகழ்ந்திருக்கிறது. அந்தத் துண்டின் எழுத்து வரிசை இயல்பிலேயே உடையும் தன்மை மிகுந்தது என்று 2019இல் காட்டப்பட்டது. சடுதி மாற்றம் இலக்கற்றது என்றால், பயன் கருதி நிகழ்வதில்லை என்றுதான் பொருள். மரபணுத் தொகுதியின் எல்லா இடங்களிலும் ஒரே வேகத்தில் நிகழ்கிறது என்று பொருளில்லை. இந்த நுட்பத்தைப் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

புதிய மாற்றத்தை மட்டுமே நம்பியிருக்கும் உயிர்க்கூட்டம் எவ்வளவு காலம் காத்திருக்க நேரும் என்பதற்கு அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கியின் ஆய்வு ஒரு சான்று. 1988 பிப்ரவரியில் அவர் ஈ. கோலை பாக்டீரியாவின் ஒரே மூதாதையிலிருந்து பன்னிரண்டு குடுவைகளைத் தொடங்கினார். ஒவ்வொரு நாளும் குடுவையிலிருந்து நூற்றில் ஒரு பங்கை எடுத்துப் புதிய வளர்ப்பு ஊடகத்தில் (ஊட்டக் கரைசலில்) இடுவார்கள். ஒவ்வொரு 500 தலைமுறைக்கும் ஒரு மாதிரியை உறைநிலையில் சேமிப்பார்கள். ஒற்றை மூதாதையிலிருந்து தொடங்கியதால் இங்கே பழைய இருப்பு என்று ஏதுமில்லை. எல்லா வேறுபாடும் புதிதாகவே பிறந்தாக வேண்டும். குளுக்கோஸ் குறைவாகவும் சிட்ரேட் நிறையவும் உள்ள அந்த ஊடகத்தில், ஆக்சிஜன் உள்ளபோது சிட்ரேட்டை உண்ண ஈ. கோலையால் முடியாது. ஏறத்தாழ 31,000 தலைமுறைகளுக்குப் பின் ஒரே ஒரு குடுவையில் அந்தத் திறன் தோன்றியது. 2008இல் அது அறிவிக்கப்பட்டது. சிட்ரேட்டை உள்ளே கொண்டுவரும் மரபணு இரட்டித்து, ஆக்சிஜன் உள்ளபோதும் இயங்கும் ஒரு தூண்டுபகுதியின் (மரபணுவை இயக்கிவிடும் டி.என்.ஏ. துண்டின்) அருகே அமர்ந்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. உறைய வைத்திருந்த பழைய மாதிரிகளிலிருந்து பரிணாமத்தை மீண்டும் ஓடவிட்டுப் பார்த்தபோது, பிந்தைய மாதிரிகளிலிருந்து மட்டுமே அத்திறன் மறுபடி தோன்றியது. அதற்கு முன்னர் நிகழ்ந்த வேறு மாற்றங்கள் களம் அமைத்திருந்தால்தான் இந்த மாற்றம் பயன்பட்டது. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் தினமும் பெருகும் குடுவையிலேயே பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்றால், இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைமுறை மாறும் ஒரு பாலூட்டி புதிய மாற்றத்தை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

மனிதர்களாகிய நாமும் கடன்பெற்ற மரபணுக்களால் தகவமைந்திருக்கிறோம். கடல்மட்டத்தில் வாழ்பவர்கள் 4,000 மீட்டர் உயரத்துக்குச் சென்றால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடி, குருதி தடித்து, நாளடைவில் நோயாகவும் முடியலாம். திபெத்தியர்களுக்கு அப்படிப் பெரிதாகக் கூடுவதில்லை. இதற்கு ஈ.பி.ஏ.எஸ்.1 என்னும் மரபணுவின் ஒரு சிறப்பு வடிவம் காரணம் என்று 2010இல் தெரியவந்தது. அந்த வடிவம் டெனிசோவர் என்னும், இன்று மறைந்துவிட்ட மனித இனத்திடமிருந்து கலப்பின் வழியாக வந்தது என்று 2014இல் ராஸ்மஸ் நீல்சன் உள்ளிட்ட குழுவினர் காட்டினார்கள். டெனிசோவர்களைப் பற்றி நாம் அறிந்ததே, சைபீரியாவின் ஒரு குகையில் கிடைத்த சிறு விரலெலும்பின் டி.என்.ஏ.யை 2010இல் படித்ததனால்தான். பின்னர் திபெத்தியப் பீடபூமியிலேயே அவர்களுடைய தாடையெலும்பு ஒன்று, 1,60,000 ஆண்டுகள் பழமையானதாக அடையாளம் காணப்பட்டது.

தகவமைப்பு என்றாலே மேம்பாடு என்று எண்ணும் பழக்கத்தையும் இங்கே திருத்தியாக வேண்டும். மொசாம்பிக்கின் கொரோங்கோசா தேசியப் பூங்காவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகள் கொல்லப்பட்டு, அவற்றின் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. நம் ஆசிய யானைகளில் தந்தமில்லாத பெண் யானைகளே வழக்கம். தந்தமில்லாத ஆணுக்கு மக்னா என்று தனிப்பெயரும் உண்டு. ஆனால் ஆப்பிரிக்க யானைகளில் இரு பாலுக்கும் தந்தம் உண்டு. கொரோங்கோசாவில் போருக்கு முன் பெண் யானைகளில் 18.5 விழுக்காடு மட்டும் தந்தமில்லாதவை. போருக்குப் பின் அது 51 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தது. போருக்குப் பின் பிறந்த பெண் யானைகளிலும் மூன்றில் ஒரு பங்கு தந்தமில்லாமல் பிறந்தன. 2021இல் வெளியான ஆய்வின்படி இப்பண்பு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. அதைப் பெறும் ஆண் கருக்கள் பிழைப்பதில்லை. வேட்டைக்காரனிடமிருந்து தாயைக் காத்த மரபணுவே அவள் சுமக்கும் ஆண் கன்றுகளில் பாதியைப் பிறக்குமுன்னே கொல்கிறது. அரிவாள் செல் மரபணுவும் அப்படித்தான். இந்தியாவில் அது 1952இல் நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டறியப்பட்டது. மலேரியாவிலிருந்து அது பாதுகாப்புத் தருகிறது என்பதை இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆண்டனி அலிசன் காட்டினார். ஒரு நகல் கடும் மலேரியாவைத் தடுக்கிறது. இரண்டு நகல்கள் வாழ்நாள் முழுவதும் வதைக்கும் நோயைத் தருகின்றன. இயற்கைத் தேர்வு கையில் இருப்பதை வைத்துத்தான் வேலை செய்ய முடியும்; இருப்பது குறையுடையது என்றாலும், அப்போதைக்குப் பிழைப்பைக் கூட்டினால் அது பரவும்.

மரபணு எதுவும் மாறாமலேயே ஓர் உயிர் தன் வாழ்நாளுக்குள் சூழலுக்கேற்ப உடலையோ நடத்தையையோ மாற்றிக்கொள்வதும் உண்டு. மலையேறிய சில வாரங்களில் நம் இரத்தம் மாறுவது அந்த வகை. செய்திகளில் இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பிட்டுவிடுவதால்தான் கேள்வியில் உள்ள ‘தேவையை உணர்ந்து’ என்ற ஐயம் எழுகிறது. குஞ்சுகளுக்குக் கடத்தப்படுவது எது என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

ஓர் இனக்கூட்டத்தில் ஒரு பண்பு பெருகியிருக்கிறது என்பதாலேயே அது பயனுள்ளது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் கறுப்பு வரிகள் அகன்று ஒன்றோடொன்று இணைந்து, உடலே கறுத்ததுபோல் தோன்றும் புலிகள் உள்ளன. அடர்ந்த காட்டில் மறைந்துகொள்ள இது உதவுவதால் பெருகியிருக்கலாம் என்று சொல்லத் தோன்றும். பெங்களூருவின் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த உமா ராமகிருஷ்ணனின் குழு 2021இல் இதற்குக் காரணமான சடுதி மாற்றத்தைக் கண்டறிந்தது. சிமிலிபால் புலிகளில் மிகப் பரவலாக இருக்கும் அது, வேறு இடங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 400 புலிகளைச் சோதித்தும், சிமிலிபால் வழிவந்தவை தவிர வேறெதிலும் கிடைக்கவில்லை. சிமிலிபால் கூட்டம் மிகச் சிறியது. பிற காடுகளிலிருந்து துண்டிக்கப்பட்டது. சில புலிகளே நிறுவிய கூட்டத்தில், தற்செயலாக ஒரு வடிவம் பெருகிவிடுவதை மரபியல் நகர்வு என்கிறோம். கறுத்த புலிக்குக் காரணம் அதுவே என்பதுதான் அவர்கள் தந்த விளக்கம். அங்கே தகவமைப்பைத் தேட வேண்டிய அவசியமில்லை.

சிமிலிபாலின் நிலை கேள்வியின் மையத்துக்கே நம்மைக் கொண்டுபோகிறது. விரைவான தகவமைப்பின் மூலப்பொருள் பெரும்பாலும் பழைய இருப்பும் கலப்பும்தான் என்றால், இருப்பு கரைந்துபோன, கலக்க வழியில்லாத சிறிய கூட்டத்தால் எதைக் கொண்டு மாற முடியும்? பருவநிலை மாற்றத்தைச் சமாளித்து உயிரினங்கள் ‘எப்படியாவது பரிணமித்துக்கொள்ளும்’ என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கடமை உண்டு. ஆண்டுக்குப் பல தலைமுறை மாறும், எண்ணிக்கையில் கோடிகளாக உள்ள கொசுவும் பயிர்ப்பூச்சியும் சமாளித்துக்கொள்ளும். பூச்சிக்கொல்லிகளுக்கு எதிராக அவை அதைச் செய்து காட்டியிருக்கின்றன. துண்டு துண்டாகப் பிரிந்த காடுகளில் சில பத்துகளாக வாழும் பேருயிர்களுக்கு அந்த வசதி இல்லை.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வாழும் பியூமாக்கள் என்னும் பெரிய காட்டுப்பூனைகள் 1990களின் தொடக்கத்தில் அப்படியொரு நிலையில் இருந்தன. இருபது முப்பது விலங்குகளே எஞ்சியிருந்தன. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்ந்ததால் வளைந்த வால், இதயக் கோளாறு, விரை இறங்காமை, விந்தணுக் குறைபாடு என்று குறைகள் குவிந்திருந்தன. ஒரு காலத்தில் டெக்சாஸ் வரை தொடர்ச்சியாகப் பரவி, ஒன்றோடொன்று கலந்து வாழ்ந்த விலங்குகள் அவை. இடைப்பட்ட நிலத்தில் அழிக்கப்பட்டதால் துண்டிக்கப்பட்டவை. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பியூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றுள் ஐந்து குட்டி ஈன்றன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எண்ணிக்கை மும்மடங்கானது, மரபணு வேறுபாடு இரட்டித்தது, கலப்பில் பிறந்த குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன, வளைந்த வால்கள் குறைந்தன. வேலை முடிந்ததும், உயிரோடிருந்த டெக்சாஸ் பெண் விலங்குகள் 2003க்குள் அகற்றப்பட்டன. அவை கொண்டுவந்த அல்லீல்கள் ஃபுளோரிடாவிலேயே தங்கிவிட்டன.